ஆங்கிலத்தில் பெயரின் இடம்

'வேடன் புலியைக் கொன்றான்' என்னுந் தொடரில், 'ஐ' உருபு புலியைச் செயப்படுபொருள் ஆக்கிற்று. 'புலியை வேடன் கொன்றான்' என மாற்றினும் பொருள் திரியாது. ஆங்கிலத்திலோ பெயர் நிற்கும் இடமே உருபின் தொழிலைச் செய்யும். 'தி ஹண்டர் கில்டு தி டைகர்' என்பதில் வினைக்கு முன் நின்ற வேடன் எழுவாய். பின் நின்ற புலி செயப்படுபொருள். இப்பெயர்கள் இடம் மாறின், வேடனைப் புலி கொன்றதாகப் பொருள்படும்!

பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. 11, 12-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி அவை பெரும்பாலும் தேய்ந்தொழிந்தன. உருபு தேயவே, இடம் உறுதி பெற்றது. 'அவன்' எனப் பொருள்படும் 'ஹீ', 'அவனை' எனப் பொருள்படும் 'ஹிம்' என்னும் சொற்கள் அப்பழமையின் எச்சங்களாம். ஆதலின், ஆங்கிலம் பயில்வோர் பெயரின் பொருளோடு அதன் இடத்தையும் அறிதல் வேண்டும்.