விறகடுப்பும் அதன் வெப்பமும்

ஆந்திரப் பிரதேசத்தில், தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் நாகலாபுரம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ளது. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் தாயாரின் பெயரை இவ்வூருக்கு இட்டார் என்பர். மீன் வடிவில் திருமால் எழுந்தருளியுள்ள வேதநாராயணர் கோயில் இங்குள்ளது.

இவ்வூரில் தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கின்றன. தமிழ் வீட்டில் ‘அடுப்பு’ எனப்படுவது அடுத்த வீட்டில் ‘பொய்யி’ ஆகிறது. ‘புகை’ அங்கே ‘பொக’. அடுப்பை ஊதும் ‘ஊதுகுழல்’ அங்கே ‘ஊதுகொட்டம்’. ஊதுதல் என்னும் வினை இரு மொழிக்கும் பொது. ஊதும்போது கண்ணில் நீர் வருவதும் பொதுவே.

இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் மார்கழி, தை மாதங்களின் பனிக்காலையில், புழக்கடையில் வெந்நீர் அடுப்பு எரிவதை இப்பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் காணலாம். பெரும் பந்திக்குரிய சமையலும் விறகிலேயே நடைபெறுவதுண்டு. அந்த விறகிலிருந்து மிகுந்த வெப்பத்தைப் பெறுவது எப்படி? பெறும்போது கண்ணுக்கும் மூச்சுக்கும் உயிருக்கும் கேடு வாராமல் காப்பது எப்படி? முதலில் விறகு எவ்வாறு எரிகிறது என்பதை அறிதல் வேண்டும்.

விறகு ஒரே நேரத்தில் முழுதும் எரிவதில்லை. சூடு பட்டவுடன் முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பின்னர் மரத்திலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கிளம்புகின்றன. நாம் காணும் மஞ்சள் நிறச் சுடர் அவ்வாயுக்கள் எரிவதால் தோன்றுவதாகும். வாயுக்கள் நீங்கிய பின் எஞ்சும் கரி, சுடரின்றிச் செந்நிறமாகக் கனல்கிறது. அதனைத் தணல் என்றும் கங்கு என்றும் வழங்குவர். இரண்டாம் நிலையில் கிளம்பும் வாயுக்களுக்குப் போதிய சூடும் காற்றும் கிடைக்காவிடில் அவை எரியாமல் வெளியேறும். அவ்வாறு எரியாமல் தப்பிய விறகையே நாம் புகை என்கிறோம். ஆகவே புகை மிகுந்தால் வெப்பம் குறைந்தது என்று பொருள். பாத்திரத்தின் அடியில் அப்பும் கரியும் அதற்குச் சான்றே.

புகைக்கு முதற்காரணம் ஈரம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தல் கூடும். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம், அந்நீரை முற்றிலும் ஆவியாக்கத் தேவைப்படும். ஈர விறகை அடுப்பில் வைப்பவர், தம் தவலை நீரைக் காய்ச்சும் முன் விறகுக்குள் இருக்கும் நீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்! எனவே விறகைப் பிளந்து, தரையில் படாமல் கல்லின் மேலோ கட்டையின் மேலோ அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு, சில மாதங்கள் உலர்த்துதல் நன்று. காய்ந்த விறகு கையில் எடை குறைந்திருக்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். இரு கட்டைகளைத் தட்டினால் ‘டங்’கென ஒலிக்கும். ஈரக் கட்டை ‘பொத்’தென்னும். மழைக்காலத்தில் எரியும் அடுப்பின் மேலேயே விறகை அடுக்கி உலர்த்துவது சிலருக்கு வழக்கம். தீப்பற்ற அதைவிட எளிய வழி வேறில்லை.

எந்த மரம் என்பதும் கருதத் தக்கது. சவுக்கும் வேலிக்காத்தானும் நின்று எரிந்து நல்ல தணல் தருவன. தென்னம்பாளை, சுள்ளி முதலியன பற்றவைக்க உதவும். ஆனால் விரைவில் அவிந்துவிடும். நாகலாபுரத்தை அடுத்த காடுகள் செம்மரம் வளரும் காடுகளாகும். செம்மரத்தை வெட்டுவது சட்டப்படி பெருங்குற்றம். நெகிழித் தாளையும் சாயம் பூசிய பலகையையும் அடுப்பில் இடலாகாது. அவற்றின் புகை நஞ்சு.

அடுத்தது அடுப்பின் அமைப்பு. மூன்று கற்களைக் கூட்டிய அடுப்பில், காற்று எல்லாப் பக்கமும் வீசுவதால் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி சிதறிப்போகும். பாத்திரத்துக்குச் சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவே எனலாம். மண்ணடுப்பு அதனினும் மேம்பட்டது. அதன் விளிம்பில் மூன்று குமிழ்கள் இருக்கும். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. பாத்திரத்தை விளிம்பிலிருந்து சற்று உயர்த்தி, தீ நாக்கு பாத்திரத்தைத் தழுவி வெளியேற இடைவெளி தருபவை அவை. அவ்விடைவெளி மிகுந்தால் வெப்பம் ஓடிவிடும். குறைந்தால் நெருப்பு மூச்சுத் திணறிப் புகையும். பக்கத்தில் துளையிட்டு இணைத்த கொடியடுப்போ, வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து இரசத்தையும் பாலையும் சூடாக வைத்திருக்கும். அக்காலத்துச் செம்புப் பாய்லர் இன்னும் நுட்பமானது. அதன் நடுவில் நெருப்புக் குழாய். அதனைச் சுற்றி நீர். நெருப்பு எப்பக்கம் திரும்பினும் நீரையே சுடும். இன்று பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடப்படும் பொருளாக அது மாறியிருப்பது வருந்தத் தக்கது.

அறிவியலாளரும் இத்துறையில் உழைத்துள்ளனர். ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வடிவமைத்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கப்பெற்ற ‘அஸ்திரா’ என்னும் பிரிவு, ‘அஸ்திரா ஒலெ’ என்னும் அடுப்பை உருவாக்கியது. கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. சோற்றுக்கு ‘உலை’ வைக்கும் நம் சொல்லின் உறவுச்சொல் அது. இவ்வடுப்பில் விறகு கம்பித் தட்டின் மேல் எரியும். தட்டின் கீழிருந்து காற்று வரும். பாத்திரங்கள் அடுப்புக்குள் இறங்கி அமர்வதால் தீ அவற்றின் பக்கங்களையும் சூடேற்றும். 1980களில் நடுவணரசு இத்தகைய அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. ஆயினும் பல வீடுகளில் மண் வெடித்தது. புகைபோக்கியைத் துப்புரவு செய்வாரில்லாமல் கரி அடைத்துக்கொண்டது. அடைத்த புகைபோக்கியால் புகை மீண்டும் சமையலறைக்கே திரும்பியது.

வெந்நீருக்கும் சோற்றுக்கும் உரிய அடுப்பு இது. உடலைக் காய்ச்சிக்கொள்ளும் நெருப்பு வேறு. அதற்குக் கணப்பு என்று பெயர். சங்க நூலாகிய நெடுநல்வாடை, கூதிர்க் குளிரில் மாடத்தோர் காய்ந்த நெருப்புச் சட்டியைத் ‘தடவு’ என்று குறிக்கிறது. நீலகிரியில் 1820களில் குடியேறத் தொடங்கிய ஆங்கிலேயர், உதகை மாளிகைகளில் சுவரோடு கூடிய கணப்புகளை அமைத்தனர். அவ்வகைக் கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். ரம்ஃபோர்டு பிரபு என்னும் அறிஞர் 1790களில் இலண்டனில் இதனைத் திருத்தினார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை செல்லும் தொண்டையைக் குறுக்கினார். சாய்ந்த சுவர்கள் வெப்பத்தை அறைக்குள் திருப்பின. குறுகிய தொண்டை புகையை விரைந்து இழுத்தது.

இதுவரை கூறியவற்றில் வெப்பமும் பாதுகாப்பும் ஒன்றாகவே செல்கின்றன. உலர்ந்த விறகும் நல்ல காற்றும் இரண்டையும் தருவன. ஓரிடத்தில் மட்டும் அவை பிரிகின்றன. சூடு வெளியேறாதிருக்கக் கதவையும் சாளரத்தையும் அடைத்துவிட்டு, அறைக்குள் தணல் சட்டியை வைத்து உறங்குவோர் உளர். காற்றுக் குறைந்த இடத்தில் கனலும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகைகூடத் தோன்றாது. குருதியில் உயிர்வளி சேரவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், பின் மயக்கம். உறங்குபவர் விழிப்பதே இல்லை. கொடைக்கானல் முதலிய மலையூர்களில் இவ்வாறு உயிரிழந்தோரைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன. புகைபோக்கி இல்லாத நெருப்பைப் படுக்கையறைக்குள் வைக்கவே கூடாது. குளிர் பொறுக்க இயலாதெனில் மற்றொரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம்.

பற்றாத விறகின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அத்தகைய தவறே. தணல் மேல் விழுந்த எண்ணெய் ஆவியாகிக் குப்பென்று மூளும். தீ, ஊற்றியவர் கையை நோக்கி ஏறும். சிறு சுள்ளிகளைக் கொண்டு பற்றவைத்து, விறகின் நுனிகள் மட்டும் தீயில் கூடுமாறு சிறிது சிறிதாகத் தள்ளுவதே முறை. நீர் கொதித்தபின் விறகைப் பின்னுக்கு இழுத்துவிடலாம். கொதிக்கும் நீர் மேலும் எரித்தாலும் 100 பாகைக்கு மேல் சூடேறாது. மூடியிட்டு வைத்தால் குறைந்த தீயே அதனைக் கொதிநிலையில் வைத்திருக்கும். அடுப்பருகே தாவணி, துப்பட்டா முதலியவற்றைச் செருகிக்கொள்ளவேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது, தரையில் உருளவேண்டும். சுட்ட இடத்தில் குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றவேண்டும்.

அவிந்ததாகத் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு பல மணிநேரம் உயிரோடு இருக்கும். ஆதலின் அன்றைய சாம்பலைக் குப்பையிலோ வைக்கோல் போரின் அருகிலோ கொட்டாமல், இரும்புச் சட்டியில் அள்ளி மறுநாள் வரை ஆறவிடுவர். ஆறிய சாம்பல் பாத்திரம் துலக்கவும், கீரைப்பாத்தியில் தூவவும் பயன்படுகிறது.