உங்களுக்குத் தெரியுமா? மைதானம் வரைந்த டாக்டர்

மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை, ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி ஒரு டாக்டர்! இங்கிலாந்தில் பிறந்தவர். போயர் போரில் அறுவை மருத்துவராகத் தென்னாப்பிரிக்கா போனபோது, போயர் வீரர்கள் தங்கள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்திருந்த சாமர்த்தியத்தைக் கவனித்தார். அந்த வித்தைதான் பிறகு கைகொடுத்தது. அவர் எழுப்பிய மேடும் வெட்டிய மணற்குழியும் காலங்காலமாக அங்கேயே கிடப்பவைபோலத் தெரியும். கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட், ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்பர்ன் மேற்கு மைதானம் இரண்டிலும் அவர் கைவண்ணத்தைப் பார்க்கலாம். (ஆட்டத்தில் மனிதர் அப்படியொன்றும் சூரர் இல்லை!) 1934 ஜனவரியில் காலமானார். முதல் மாஸ்டர்ஸ் தொடங்கியது அதே ஆண்டு மார்ச்சில்.