தபால் நிலையமும் வார்சாச் சிறுவரும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாசிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றனர். அவர்களுள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் சிறுவர். ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளை நாடி வரும் நம் இளைஞர்க்குத் தமிழில் எளிதில் கிட்டுவதோ இட்லரின் வாழ்க்கை வரலாறு. அதில் பெரும்பாலும் அவன் மனவுறுதி மிக்க தலைவனாகவே காட்சியளிக்கிறான். இவ்வட்டாரத்தில் பணிபுரியும் ஆயர் மாற்றாக எந்நூலைத் தருவது? இந்திய இலக்கியத்திலேயே இரண்டைக் குறிப்பிடலாம்.

முதலாவது, இரவீந்திரநாத தாகூர் 1911-இல் வங்கமொழியில் எழுதிய தபால் நிலையம் என்னும் நாடகம். நோயுற்ற சிறுவன் அமல் வெளியே செல்லலாகாது என்பது வைத்தியர் கட்டளை. சன்னலருகே அமர்ந்து, தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் பூக்கொய்யும் சுதாவோடும் பேசுகிறான். எதிரே திறக்கப்பட்ட தபால் நிலையத்தின் வழியே அரசர் தனக்கும் கடிதம் எழுதுவார் எனக் காத்திருக்கிறான். பெற்றோர் இருவரும் ஷிப்டு வேலைக்குச் சென்றபின் வாடகை அறையின் சன்னலோரம் பொழுதைப் போக்கும் ஓசூர்ச் சிறுவனுக்கு அமல் அந்நியனல்லன்.

1942 சூலை 18 அன்று வார்சா நகரில், யூதரைச் சுவரெழுப்பி அடைத்திருந்த பகுதியில், அநாதை இல்லச் சிறுவர் இந்நாடகத்தை நடித்தனர். இல்லத்தின் தலைவர் யானுஷ் கோர்ச்சாக். மருத்துவர், சிறுவர் நூலாசிரியர். நான்கு நாட்களில் அப்பகுதி மக்களைக் கொலைமுகாமுக்கு ஏற்றிச்செல்லும் வேலை தொடங்கிற்று. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஏறத்தாழ 200 சிறுவரும், அவர்களைப் பிரிய மறுத்த கோர்ச்சாக்கும் திரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

போதகருக்குச் சோதனை இங்கேதான். நாடக முடிவில் அரசவைத்தியர் வந்து கதவுகளையும் சன்னல்களையும் திறக்கச் செய்கிறார், அமல் உறங்குகிறான். அச்சிறுவரும் அவ்வாறே அரசரிடம் அமைதியாய்ச் சென்றனர் எனப் பிரசங்கிப்பது எளிது. கேட்போர் கண்ணீரும் வடிப்பர். ஆயினும் அது தகாது. அமலைக் கொண்டுபோனது நோய். வார்சாச் சிறுவரைக் கொன்றோர் மனிதர். அவருள் ஞானஸ்நானம் பெற்றோர் பலர். யூதரைக் கிறிஸ்துவின் கொலைஞர் எனப் பல நூற்றாண்டுகள் பழித்துப் பிரசங்கித்த திருச்சபைக்கு, யூதச் சிறுவரின் சாவைத் தன் ஆறுதற் செய்திக்கு உவமையாக்கும் உரிமை ஏது?

வளர்ந்தோர்க்கு உரியது அனிதா தேசாய் ஆங்கிலத்தில் எழுதி 1988-இல் வெளிவந்த பாம்கார்ட்னர்ஸ் பாம்பே என்னும் நாவல். பெர்லினினின்று தப்பி இந்தியா வந்த யூதனை, போர் மூண்டதும், செர்மானியன் என்பதற்காகவே ஆங்கிலேய அரசு முகாமில் அடைக்கிறது. நாசிகளும் அதே முகாமில்! செர்மனியில் விட்டுவந்த தாயிடமிருந்து அஞ்சலட்டைகள் வருகின்றன. அவற்றில் செய்தி சிறிதே. பின்னர் அவையும் நின்றுவிடுகின்றன. கொலைமுகாமைக் காட்டாமலே நாவல் அதனை உணர்த்திவிடுகிறது. ஆறுதல் தேடி வாசிப்போர்க்கு இதில் ஒன்றும் கிடையாது. வேதபாட வகுப்பினர் இதனை வாசிக்க வேண்டுமென யான் கருதுவதும் அதனாலேயே.

ஓய்வுநாள் பாடசாலையில் நாடகத்தையே முதலில் நடிக்கச் செய்யலாம். அமல் உறங்கியபின் பூவோடு வரும் சுதா, தான் அவனை மறக்கவில்லை என்பதை அவனிடம் தெரிவிக்கச் சொல்கிறாள். அதன் பின்னர், 12 வயதைக் கடந்தோர்க்கு மட்டும், வார்சாவில் நடித்தோர் யாவர், அவர்களைக் கொன்றோர் யாவர் என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் மறையாது சொல்லவேண்டும். நச்சுவாயு அறையின் வருணனை அவ்வயதினர்க்கு வேண்டா.