மாட்டுக்குப் பல், பேட்டரிக்கு மில்லி ஓம்

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர் கொம்பையும் திமிலையும் பார்த்துப் பணத்தை எடுத்துவிட மாட்டார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். என் அப்பா அப்படிப் பார்த்துத்தான் மாடு வாங்கினார். நான் பார்ப்பது பேட்டரி. சொந்த ஊர் மருங்காபுரி. செல்போன் டவர், வங்கி, ஆஸ்பத்திரி, மில் என்று சுற்றுவட்டாரத்தில் கரண்ட் போனால் தாங்குவதற்கு வைத்திருக்கிற பேட்டரிகளைச் சோதிப்பது இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு.

போன மே மாதம் திருச்சி–மதுரை சாலையோரம் ஒரு டவர். ராத்திரி கரண்ட் போனது. நாலு மணி நேரம் நிற்க வேண்டிய பேட்டரி கால் மணி நேரத்தில் கையை விரித்துவிட்டது. காலையில் போனால், அங்கே வேலை பார்க்கிற தம்பி மல்டிமீட்டரை நீட்டுகிறான்.

“54 வோல்ட் காட்டுதுண்ணே. பேட்டரி நல்லாத்தானே இருக்கு?”

“அது பேட்டரியோட வோல்ட் இல்லப்பா, சார்ஜரோட வோல்ட்.”

டவரில் 2 வோல்ட் செல் 24 வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 2.25 வோல்ட் கிடைக்கிற மாதிரி சார்ஜர் மொத்தம் 54 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்; இதைத்தான் ஃப்ளோட் என்கிறோம். உள்ளே பாதி செத்த செல்லும் அந்த வரிசையில் நல்ல பிள்ளையாகவே நிற்கும். கட்டுத்தறியில் நிற்கிற மாட்டைப் பார்த்து அது உழுமா என்று சொல்ல முடியுமா?

பழைய ஆசிட் பேட்டரி என்றால் மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டர் விட்டு அடர்த்தி பார்க்கலாம். இப்போது டவருக்கு வருவது பெரும்பாலும் மூடி முத்திரையிட்ட வகை. உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லை. அதனால்தான் இம்பீடன்ஸ் மீட்டர். இம்பீடன்ஸைத் தமிழில் மின் எதிர்ப்பு என்பார்கள். சைட்டில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மீட்டர் செய்கிற வேலை ஒன்றும் மாயமில்லை. செல்லுக்குள் மிகச் சிறிய மாறுமின்னோட்டத்தை அனுப்புகிறது. என் மீட்டரில் அது விநாடிக்கு 1000 சுற்று. அதனால் செல்லின் இரு முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் ஆடுகிறது என்று பார்த்து, மின்னோட்டத்தால் வகுத்துச் சொல்கிறது. டவரில் இருப்பது போன்ற 600 ஆம்பியர்-அவர் செல் நல்ல நிலையில் இருந்தால் ஏறக்குறைய 0.3 மில்லி ஓம், அதாவது ஓர் ஓமில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. மீட்டர் வயரின் தடையே இதைவிட அதிகம். அதனால் வயர் நாலு வேண்டும்: இரண்டு கரண்ட்டைக் கொண்டுபோக, இரண்டு வோல்ட்டை மட்டும் பார்க்க. பேட்டரியைக் கழற்ற வேண்டாம், டவரை அணைக்கவும் வேண்டாம்.

அன்றைக்கு ஒன்றாம் செல்லில் ஆரம்பித்தேன். 0.31, 0.33, 0.32. ஒன்பதாவது 0.58. பத்தாவது 0.55. பதினேழாவதும் 0.49 காட்டியபோது தம்பி முகம் சுண்டிப்போனது. மூன்று செல்லுக்கு மேலிடத்தில் யார் பதில் சொல்வது? நான் குனிந்து பார்த்தேன். மீட்டர் வயரின் ஊசி போல்ட்டின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்தி ஈயக் கம்பத்தின் மேலேயே வைத்தேன். 0.33. செல் நன்றாகத்தான் இருந்தது; இணைப்புப் பட்டைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கழற்றித் தேய்த்து, வாசலின் தடவி, டார்க் ஸ்பேனரால் முறுக்கினோம். ஊசியை எங்கே வைக்கிறோம் என்பது தெரியாமல் எத்தனை நல்ல செல்கள் காயலான் கடைக்குப் போயிருக்குமோ.

ஒன்பதாவது செல்லில் கூடிய 0.27 மில்லி ஓமா டவரை அணைத்தது? இல்லை. டவர் இழுக்கிற 50 ஆம்பியருக்கு அதில் நஷ்டமாவது 13, 14 மில்லிவோல்ட்தான். காய்ச்சல் கண்ட உடம்பு கொதிக்கிற மாதிரி, அது உள்ளே இருக்கிற சீக்கின் அடையாளம். நேர்முனைத் தட்டின் ஈயச் சட்டம் அரித்திருக்கும், வால்வு வழியாகத் தண்ணீர் ஆவியாகி உள்ளே காய்ந்திருக்கும், தட்டில் சல்பேட் படிந்து இறுகியிருக்கும். அப்படிப்பட்ட செல் சீக்கிரமே காலியாகி, பிறகு தலைகீழாகத் திரும்பி, மற்ற செல்களின் வோல்ட்டையும் தின்னும். எங்கள் பக்கத்து வெயில் இதற்கெல்லாம் தூபம் போடுகிறது. நம் நாட்டில் பேட்டரியின் திறனை 27 டிகிரியில் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. மே மாதத்தில் அந்தத் தகரப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும்.

துணைமின் நிலையத்தில் விஷயம் இன்னும் கனமானது. அங்கே 110 வோல்ட் கொடுக்க 55 செல். லைனில் ஷார்ட் ஆனால் ரிலே கண்டுபிடிக்கும். பிரேக்கரைத் திறக்கிற காயிலுக்குக் கரண்ட் கொடுப்பது இந்த பேட்டரி. அந்த நொடியில் அது படுத்துவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறி, புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டது. கம்பங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எந்த பேட்டரியும் நாள் கணக்கில் நிற்காது. ஜெனரேட்டருக்கு டீசல் வந்து சேரும்வரை தாங்கினாலே பெரிது. அதற்குப் பிறகு ஆறு மாதம் என் போன் ஓயவில்லை. பிறகு ஓய்ந்துவிட்டது.

இம்பீடன்ஸை அளந்து பேட்டரியை எடைபோடுகிற யோசனை புதிதல்ல. 1979லேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோபிகாந்தும் சத்தியநாராயணாவும் ஈய-அமில பேட்டரியின் இம்பீடன்ஸை வைத்து அதில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காரைக்குடி சிக்ரி, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953ல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம், எங்களுக்குப் பக்கம்தான். அந்த மாதிரி ஆய்வகத்தில் அலைவெண்ணை மேலிருந்து கீழே வரை மாற்றி மாற்றி அளப்பார்கள். எது அரிப்பு, எது உலர்வு என்று பிரித்துப் பார்க்கலாம். என் கையில் இருப்பது ஒரே அலைவெண்ணில் ஒரே கேள்வி கேட்கிற கருவி.

அதனால் இதை லோடு டெஸ்ட்டுக்கு மாற்று என்று விற்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பத்து மணி நேரம் சுமை கொடுத்து, செல் 1.75 வோல்ட்டுக்கு இறங்கும்வரை ஓட்டிப் பார்த்தால்தான் உண்மையான கொள்ளளவு தெரியும். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். 95 சதவீதச் செல்லுக்கும் 85 சதவீதச் செல்லுக்கும் என் மீட்டர் பெரிய வித்தியாசம் காட்டாது. வரிசையில் எது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. அதுவும் அதன் பழைய அளவு தெரிந்திருந்தால். 0.45 என்பது ஒரு கம்பெனி செல்லுக்கு நல்ல அளவு, இன்னொன்றுக்குச் சாவு. தன் ஆரம்ப அளவிலிருந்து 30 முதல் 50 சதவீதம் ஏறினால் சந்தேகப்படு என்பதுதான் கணக்கு. அந்த ஆரம்ப அளவை எழுதி வைத்த சைட்டுகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். லட்சக்கணக்கில் மீட்டர் வாங்குவார்கள், நாற்பது ரூபாய் நோட்டு வாங்க மாட்டார்கள்.

அந்த டவரில் ஒன்பதையும் பத்தையும் மாற்றியாயிற்று. தம்பி உடனே மீட்டரை வைத்து அளவெடுக்கப் போனான்.

“இப்ப வேணாம்ப்பா. ஃப்ளோட்ல ஆறு மாசம் ஓடட்டும். அப்பத்தான் அளவு நிலைக்கும்.”

பெயின்ட் மார்க்கரால் இரண்டு செல்லின் வயிற்றிலும் தேதி எழுதினேன். மற்ற 22 செல்லின் அளவையும், பெட்டிக்குள் இருந்த 41 டிகிரியையும் அவன் தன் பள்ளிக்கூடக் கையெழுத்தில் நோட்டில் ஏற்றினான். அட்டையில் ஒரு முருகன் படம். கார்த்திகைக்குப் பிறகு போக வேண்டும்.