மலையகத் தேயிலையின் வம்சங்கள்

தேயிலை இலங்கை மலையகத்தின் பூர்வீகப் பயிர் அல்ல. 1824இல் சீனாவிலிருந்தும் 1839இல் அசாமிலிருந்தும் பேராதனைப் பூங்காவுக்கு வந்தவையே இங்கு முதல் செடிகள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபின் நுவரெலியா, ஹட்டன் மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

சீன வகைக்குச் சிறிய, தடித்த, கரும்பச்சை இலை. குளிரைத் தாங்கும், மெல்லிய மணம் தரும். அசாம் வகையின் இலை அகலமானது, வெளிர்நிறமானது. அதன் சாயம் கடும்நிறமும் திடமும் உடையது. இரண்டும் தாராளமாகக் கலக்கும். தேயிலைப் பூ பெரும்பாலும் வேறு செடியின் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே விதையிலிருந்து முளைத்த எந்தச் செடியும் இன்னொன்றின் நகல் அல்ல. பழைய விதைத் தேயிலை மலையில் இதைக் கண்ணாலேயே காணலாம்: ஒரு செடியில் உள்ளங்கை அகல இலை, பக்கத்துச் செடியில் அதில் பாதி, ஒன்று துளிர்த்து நிற்கும், மற்றது உறங்கிக் கிடக்கும்.

இந்தக் கலப்பிலிருந்துதான் மலையகத்துக்கென்று சொந்த வகைகள் பிறந்தன. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டி.ஆர்.ஐ.) தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. கொழுந்தும் தரமும் மிகுந்த தாய்ச்செடிகளைத் தேர்ந்து, ஓர் இலையும் சிறு தண்டுத் துண்டுமாக வெட்டித் தவறணையில் நிழலுக்கடியில் வேர்பிடிக்கவைத்தார்கள். இப்படி விதையின்றி வெட்டுத்தண்டில் பெருக்குவதே வீ.பீ. தேயிலை. பரவலாக நடப்பட்ட டி.ஆர்.ஐ. 2023, 2025 ஆகியவை ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே அசாம் வழிச் செடியின் வாரிசுகள். ஆனாலும் 2025 வரட்சியைத் தாங்கும், 2023 வாடிவிடும். தோட்டங்களும் தம் பழைய மலைகளிலேயே தேடின: கொட்டகலை டிரேட்டன் தோட்டத்தின் தேர்வு டி.டி. 1, கினிகத்தேனைப் பக்கத்துக் கெனில்வர்த் தோட்டத்தின் தேர்வு கென் 16/3.

  

வீ.பீ. மலை ஒரே மட்டமாக ஒன்றாகத் துளிர்க்கும். கூடை சீக்கிரம் நிறையும். விதைத் தேயிலை மலையில், அதுவும் செடிகள் செத்து இடைவெளி விழுந்த இடத்தில், கொழுந்தைத் தேடித் தேடிப் பறிக்க வேண்டும். இரண்டு மலைக்கும் ஒரே கிலோக் கணக்கு வைப்பது பறிக்கும் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

விளைச்சல் குறைந்தாலும் விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. ஆழத்து ஈரத்தை எட்டும். வெட்டுத்தண்டில் முளைத்த செடிக்கு அது இல்லை. மேலும், ஒரே வகை நட்ட மலையில் எல்லாச் செடிக்கும் ஒரே பலவீனம். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயும், உயர் மலைகளில் வேரைத் தாக்கும் வட்டப்புழுவும் வகைக்கு வகை வேறு அளவில் சேதம் செய்கின்றன. எனவே பழைய மலையைப் பிடுங்கினால் கௌதமாலாப் புல் அல்லது மானாப் புல் வளர்த்து மண்ணை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆறவைத்த பிறகே நடவேண்டும். ஒரே வகையை நம்பாமல், உயரத்துக்கும் மழைக்கும் ஏற்றவற்றைக் கலந்து நடுவதே நல்லது. பிடுங்குமுன் பழைய மலையின் சிறந்த செடிகளிலிருந்து தண்டு எடுத்து வைப்பதும் அவசியம். அவை போனால் அடுத்த தேர்வுக்குத் தாய்ச்செடி கிடைக்காது.