மருதையாற்றில் விழுந்த ரயில்!

1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. பொழுது இன்னும் புலரவில்லை. நல்ல மழை. முந்தின நாள் இரவு சென்னையில் இருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி ஓடிக்கொண்டு இருந்தது. பயணிகள் அயர்ந்து தூங்கினார்கள்.

எதிரே மருதையாறு. கோடையில் வெறும் மணல்தான். மழை பெய்துவிட்டாலோ, காட்டாறு! அன்று பாலத்தை வெள்ளம் அரித்து இருந்தது. அடியில் உள்ள மண் கரைந்து போனால் மேலே தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். இருட்டில் வரும் டிரைவருக்கு அது எப்படித் தெரியும்?

என்ஜின் ஆற்றில் பாய்ந்தது. அதன் பின்னால் 7 பெட்டிகளும் விழுந்தன. அந்தோ! 140-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

மந்திரி விலகினார்

அப்போது ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில், சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகர் அருகே ஒரு ரயில் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அல்ல, நல்ல முன்மாதிரியாக இருக்கும் என்பதற்காகவே ஏற்பதாகப் பாராளுமன்றத்தில் சொன்னார்.

ஊர் வாயில் ஒரு கேள்வி

தமிழ்நாட்டு மக்களின் வாயில் நுழைந்ததோ இன்னொருவர் பெயர். ரயில்வே துணை மந்திரியாக இருந்த ஓ.வி.அழகேசன்தான் அவர். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, "ஆண்டது", "மாண்டது" என்று எதுகை வைத்து ஒரு கேள்வியை தி.மு.க.வினர் முழங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஒரு தடவை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடலாம். அவ்வளவு சுருக்கம்!

கொஞ்சம் கொடுமையான கேள்விதான். பாலத்தடி மண்ணை அரித்தது அழகேசனா? ஆனால், செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்க ஜனங்களுக்கு வேறு வழியும் இல்லை. அந்த எதுகைக்குள் மந்திரி பெயர் இடம் பிடித்துவிட்டது. பெட்டிக்குள் தூங்கியவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

சாஸ்திரி விலகிய கதையும் இப்படித்தான் வாய்வழியாக நிலைத்தது. பெரிய ரயில் விபத்து எங்கே நடந்தாலும், "அன்று சாஸ்திரி விலகினாரே!" என்ற பேச்சு எழும். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒடிசாவில் பாலசோர் அருகே ரயில்கள் மோதி 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும் அந்தப் பேச்சு எழுந்தது.