எந்த போர்டு வாங்கலாம்? முதல்ல ரோட்டைப் பாருங்க

"அண்ணா, எந்த ஸ்கேட்போர்டு நல்லது?" ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்கற கேள்வி இது. பசியாவரத்துல ஒரு மீனவர்கிட்ட போய் "எந்தப் படகு நல்லது?"ன்னு கேட்டா, எங்க ஓட்டப் போறன்னுதான் திருப்பிக் கேப்பார். பழவேற்காடு ஏரியில பல இடங்கள்ல இடுப்பளவு தண்ணிகூட இருக்காது. அடி தட்டையா இருந்தாத்தான் தரை தட்டாம போகலாம். கடல் அலை மேல ஏறணும்னா முகப்பு தூக்கலா இருக்கணும்.

போர்டும் அப்படித்தான். இது தெரியாம கண்ணுல பட்டதை வாங்கி, நாலு தடவை விழுந்து, "எனக்கு பேலன்ஸே இல்ல"ன்னு ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில தள்ளினவங்க நம்ம காலேஜ்லயே இருக்காங்க. பாவம், தப்பு அவங்க கால்ல இல்ல.

டெக் பொதுவா ஏழு மேப்பிள் அடுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்யறது. அகலம் பெரும்பாலும் 7.75 முதல் 8.5 அங்குலம். முக்கால் அங்குலத்துல என்ன வந்துடப் போகுதுன்னு தோணும். கிக்ஃப்ளிப் அடிக்கும்போது பலகை தன் நீள அச்சைச் சுத்தி உருளுது. அப்போ மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா அகலத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். மரத்தோட எடையும் சேர்ந்து கூடறதால கிட்டத்தட்ட மும்மடிக் கணக்கு. 7.75-லிருந்து 8.5-க்குப் போனா சுமார் 32 சதவீதம் அதிகம்! அதனால குறுகலான பலகை சட்டுனு சுழலும். அகலமானதுல கால் வைக்க இடம் தாராளம், புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுதான் நிம்மதி.

ரெண்டு டிரக்குக்கும் நடுவுல இருக்கற தூரம் குறைஞ்சா சீக்கிரம் திரும்பும். கூடினா வேகத்துல ஆடாது. டிரக்கோட ஆக்ஸில் டெக் அகலத்துக்குச் சமமா இருக்கட்டும். கிங்பின் நட்டை ரொம்ப லூஸ் பண்ணா ஈஸியா திரும்பும், ஆனா சரிவுல போர்டு உதற ஆரம்பிக்கும். பெரிய வீலும் லூஸ் டிரக்கும் சேர்ந்தா வீல் பலகையில உரசி போர்டு அங்கேயே நின்னுடும். நீங்க நிக்க மாட்டீங்க.

இப்போ வீல். நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். ஒரு காலத்துல களிமண் வீல்தான். சின்னக் கல்லு மாட்டினாலே ஆள் பறந்துடுவார். 1970-களின் தொடக்கத்துல யூரித்தேன் வீல் வந்த பிறகுதான் கதை மாறுச்சு. வழவழப்பான கான்கிரீட்டுக்கு 52 மி.மீ., 99ஏ மாதிரி சின்ன, கெட்டியான வீல். ஜல்லி தெரியற தார் ரோட்டுக்கு 60 மி.மீ., 78ஏ மாதிரி பெரிய, மெத்துன்னு இருக்கற வீல். அதிர்வை அதுவே வாங்கிக்கும். இதைப் போட்டா டெக்குக்கும் டிரக்குக்கும் நடுவுல ஒரு ரைசர் பேட் வைங்க.

மாமல்லபுரம் கமலி வெறுங்காலோட ராம்ப்ல இறங்கற போட்டோவைப் பாத்திருப்பீங்க. அவங்களைப் பத்தின 'கமலி' குறும்படம் 2020 பாஃப்டா பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போச்சு. பாத்துட்டு ஆசை வரட்டும், தப்பில்ல. ஆனா ராம்ப்புக்கான செட்டப்போட பஸ் ஸ்டாப் வரைக்கும் போகணும்னு நினைச்சா பல்லு ஆடிடும்.

பேரிங் எல்லாத்துலயும் அதே 608தான்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. டப்பாவுல இருக்கற ஏபெக் நம்பர் டாலரன்ஸைத்தான் சொல்லுது, அதுக்காகக் காசைக் கொட்டாதீங்க. பழவேற்காடு மாதிரி உப்புக்காத்தும் மணலும் இருக்கற இடத்துக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னா, திரும்பி வந்த அன்னிக்கே கழட்டித் துடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுடுங்க.